டாலிலின் நீராவி ரயில்: முதன்முறை போகிறவர்களுக்கு

வேல்ஸில் குறுகிய தண்டவாளத்தில் ஓடும் பழைய நீராவி ரயில்கள் பல இருக்கின்றன. முதலில் வரும் குழப்பமே எதில் போவது என்பதுதான். ஸ்னோடன் மலை ரயில் 1896இலிருந்து பல்சக்கரத்தின் உதவியால் உச்சி நோக்கி ஏறுகிறது. கூட்டமும் அங்கேதான் அதிகம். ஃபெஸ்டினியோக் ரயில் போர்த்மடோக் துறைமுகத்திலிருந்து பதின்மூன்றரை மைல் மலையேறும். வெல்ஷ் ஹைலேண்ட் ரயில் 25 மைல் போகும். தென்னாப்பிரிக்காவில் ஓடிய பிரமாண்டமான காரட் இன்ஜின்கள் அதை இழுக்கின்றன. மூன்றுமே அருமையானவை. ஆனாலும் முதன்முறை போகிற யாரிடமும் நான் சொல்வது டாலிலின் ரயிலைத்தான்.

காரணம், அது சின்னது. கார்டிகன் வளைகுடாவை ஒட்டிய டவின் என்ற சிற்றூரில் கிளம்பி, ஏழேகால் மைல் உள்ளே போய், ஒரு மலையிடுக்கில் நின்றுவிடும். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் வெறும் 2 அடி 3 அங்குலம். இன்ஜின், பணிமனை, பாலம், அருவி, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. மூடப்படவிருந்த ஒரு ரயிலைப் பொதுமக்கள் தாங்களே எடுத்து நடத்தலாம் என்று உலகத்தில் முதன்முதலில் செய்து காட்டியது இங்கேதான். அந்தக் கதை தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோனது. மெக்கானல் என்ற ஆலை முதலாளியும் அவருடைய கூட்டாளிகளும் பணத்தை வேறு தொழிலில் போட நினைத்து, ப்ரின் எக்லுயிஸ் சிலேட்டுச் சுரங்கத்தை எடுத்தார்கள். வீட்டுக் கூரைகளுக்குப் போகும் சிலேட்டுக் கல்லைக் கடலோரம் கொண்டுவரப் போட்ட பாதைதான் இது. 1866 டிசம்பரில் பயணிகளையும் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

1911இல் சுரங்கத்தையும் ரயிலையும் ஹேடன் ஜோன்ஸ் வாங்கினார். அந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 1946 டிசம்பரில் சுரங்கத்தில் சரிவு ஏற்பட்டு வேலை நின்றது. ஏற்றிவரச் சரக்கு இல்லை, வருமானமும் இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று அவர் சொல்லியிருந்தார், சொன்னபடியே ஓட்டினார். 1948இல் பிரிட்டன் தன் ரயில்களை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, இந்தக் குட்டி ரயில் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. 1950 ஜூலையில் ஹேடன் ஜோன்ஸ் இறந்தார். இதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

டாம் ரோல்ட் என்ற பொறியாளர், எழுத்தாளரும்கூட, அப்படி நினைக்கவில்லை. 1950 அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாமில் இம்பீரியல் ஹோட்டலில் ஆர்வலர்களைக் கூட்டினார். ஹேடன் ஜோன்ஸின் மனைவியும் ஒத்துழைத்தார். 1951 மே 14 அன்று தன்னார்வலர்களின் முதல் ரயில் கிளம்பியது. அந்தக் காலத்தில் புற்கரணைகள்தான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று சொல்லும் அளவுக்குப் பாதை சீர்கெட்டிருந்தது. ஓடும் நிலையில் இருந்தது டோல்கோஹ் என்ற ஒரே இன்ஜின். பிரிட்டன் முழுக்க இன்று ஓடும் பாரம்பரிய ரயில்கள் எல்லாம் அந்த நாளுக்குக் கடன்பட்டவை. 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இந்தச் சுரங்கமும் ரயிலும் அதில் சேர்ந்தன.

நாள் குறிப்பது

இது அன்றாடப் போக்குவரத்து ரயில் அல்ல. வசந்தகாலம் தொடங்கி அக்டோபர் கடைசிவரை பெரும்பாலும் ஓடும். குளிர்காலத்தில் கிறிஸ்துமஸ் போன்ற சில விசேஷ நாட்களில் மட்டும். ஓடும் மாதங்களிலும் எல்லா நாளும் ஒரே அட்டவணை இல்லை. ரயில்வேயின் இணையதளத்தில் உங்கள் தேதிக்கு உரிய அட்டவணையைப் பார்த்து, டிக்கெட்டையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். அட்டவணையைப் படமாக எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்வது நல்லது; பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்பிப் போக வேண்டாம்.

என்னைக் கேட்டால் மே மாதமோ செப்டம்பரோ சரியான காலம். ஜூலை கடைசியும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை, இடம் கிடைப்பது சிரமம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ரயிலோடு மனிதர்கள் போட்டி போட்டு ஓடும் பந்தயம் நடக்கும், 1984இலிருந்து நடந்துவருகிறது. வயல்களிலும் மலைச்சரிவிலும் ஆயிரக்கணக்கான கால்கள் ஓட, பக்கத்திலேயே ரயில் ஊதிக்கொண்டு போகும். வேடிக்கை பார்க்க அருமையான நாள், அமைதியாக ரயிலைப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது ஏற்ற நாள் இல்லை.

டவினுக்குப் போய்ச் சேருவது

லண்டனிலிருந்து வருகிறவர்கள் யூஸ்டனில் ஏறி பர்மிங்ஹாமில் மாற வேண்டும். பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக வரும் கேம்பிரியன் பாதை ரயில், மஹன்லெத் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் அபெரிஸ்ட்வித் போகும், மீதிப் பாதி கடற்கரையோரமாக புல்ஹெலி போகும். நீங்கள் உட்கார வேண்டியது புல்ஹெலி போகும் பெட்டியில். ஏறும்போதே நடத்துநரிடம் "டவினுக்கு எந்தப் பெட்டி?" என்று கேட்டுவிடுங்கள். மஹன்லெத் வந்தபின் பெட்டி படுக்கையோடு ஓடுவது யாருக்கும் நல்லதல்ல. பர்மிங்ஹாமிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டவினிலோ அபர்டவியிலோ மஹன்லெத்திலோ ஓர் இரவு தங்குவதுதான் முறை.

காரில் வருகிறவர்களுக்கு டவினில் நிலையத்தின் பக்கத்திலேயே வண்டி நிறுத்தலாம். நடுவில் அபர்கனோல்வின் நிலையத்திலும் நிறுத்துமிடம் உண்டு. கடைசி நிலையமான நான்ட் குவெர்னோலுக்குச் சாலையே கிடையாது. இன்னொன்று: ரயிலின் பெயரைப் பார்த்து டாலிலின் ஏரிக்கரைவரை போகும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. ஏரி அங்கிருந்து இன்னும் சில மைல் தள்ளி இருக்கிறது.

வார்ஃப் நிலையத்தில்

டவினின் பெரிய ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் டாலிலினின் வார்ஃப் நிலையம். ரயில் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அங்கேயே குறுகிய பாதை ரயில்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியதுதான், ஆனால் ஒரு சுரங்க ரயில் எப்படி வேலை செய்தது என்பது அங்கே பார்த்தால் புரியும். தாமஸ் ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி ஆரம்ப காலத்தில் இந்த ரயிலில் தன்னார்வ கார்டாக வேலை பார்த்தவர். அவருடைய படிப்பறையை அப்படியே அங்கே அமைத்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த ஓர் அறை போதும்.

கழிப்பறை வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது.

பிறகு இன்ஜினைப் போய்ப் பாருங்கள். 1864இல் செய்த டாலிலினும் 1866இல் செய்த டோல்கோஹும் பாதை பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவை. இரண்டும் வைட்ஹேவனில் செய்தவை. சர் ஹேடன், எட்வர்ட் தாமஸ் என்ற இரு இன்ஜின்களும் பக்கத்துக் காரிஸ் ரயில் மூடியபின் 1951இல் தலா 25 பவுண்டுக்கு வாங்கப்பட்டவை. எந்த இன்ஜின் வரும் என்பது அன்றைய தேவையைப் பொறுத்தது. கிளம்பும் அவசரத்தில் இல்லையென்றால் டிரைவரும் ஃபயர்மேனும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள். கொதிகலனில் எண்ணெய்த் துணி பட்டுப் பளபளப்பதையும், அடுப்பு வாய் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அனலையும் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

எங்கே உட்காருவது

போகும்போது இடது பக்க ஜன்னல். பாதை பள்ளத்தாக்கின் தெற்குச் சரிவை ஒட்டியே ஏறுவதால் வயல்களும் எதிர்மலையும் இடப்பக்கம்தான் விரியும். ஏற்றத்தில் இன்ஜின் மூச்சு வாங்குவதைக் கேட்க ஆசைப்பட்டால் முதல் பெட்டி. திரும்பும்போது இன்ஜின் மறுமுனைக்கு வந்துவிடும். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயதான நாலு சக்கரப் பெட்டிகளும் இவர்களிடம் உண்டு. அதில் கார்டு வண்டி ஒன்றின் பக்கவாட்டில் டிக்கெட் விற்கும் ஜன்னல் இருக்கிறது. வழியிலுள்ள நிலையங்களில் டிக்கெட் கொடுக்க ஆள் இல்லாததால், கார்டே இறங்கி வந்து அந்த ஜன்னல் வழியாக விற்பாராம். அந்தப் பெட்டிகள் அன்றைக்கு ரயிலில் இருந்தால் விடாதீர்கள்.

பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு என்பதை ஏறும்போதே கவனிப்பீர்கள். எல்லா பிளாட்ஃபாரமும் அதே பக்கம்தான். 1866இல் கேப்டன் டைலர் என்ற அரசு ஆய்வாளர் வந்து அளந்தபோது, பாதைக்கு மேலே கட்டியிருந்த பாலங்கள் குறுகலாக இருந்தன. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே சட்டம் கேட்ட இடைவெளி இல்லை. பாலத்தை இடித்துக் கட்டப் பணம் ஏது? ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்தார்கள். பாலத்துக்கு அடியில் தண்டவாளத்தைக் கொஞ்சம் நகர்த்தி, கதவுள்ள பக்கத்தில் இடம் உண்டாக்கினார்கள். அந்த ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தலையையும் கையையும் நீட்டாதீர்கள் என்று இங்கே இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான். பாலத்துச் சுவர் நிஜமாகவே பக்கத்தில் வரும். கரித்தூள் கண்ணில் விழும் என்பது வேறு.

வழியில் பார்க்க வேண்டியவை

கிளம்பிய சில நிமிடங்களில் பென்ட்ரே. இன்ஜின் கொட்டகையும் பணிமனையும் அங்கேதான். அங்கே ரயில் நின்றவுடன் இன்ஜின் பக்கம் பாருங்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரு டோக்கன் உண்டு. அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் துண்டுக்குள் நுழையக் கூடாது. முடிந்த துண்டின் டோக்கனைக் கொடுத்து, அடுத்ததை வாங்கிக்கொண்டுதான் வண்டி நகரும். ப்ரின்கிளாஸிலும் குவாரி சைடிங்கிலும் இது மறுபடி நடக்கும். சற்று முன் நீங்கள் வந்திறங்கிய கேம்பிரியன் பாதையில், 2011 முதல் பாதையோர சிக்னல் கம்பங்களே கிடையாது. டிரைவரின் திரையிலேயே எல்லாம் கணினி வழியாக வரும். பிரிட்டனிலேயே அந்த முறை முதலில் வந்த பாதை அது. அங்கிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில், டாலிலினில், டோக்கன் என்ற ஒரு உலோகத் துண்டு கைமாறினால்தான் ரயில் போகும். இரண்டும் நம்பகமானவை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம்.

ரயில் மணிக்கு 15 மைல் வேகத்துக்கு மேல் போகாது. வயல்கள் விலகி மரங்கள் நெருங்கும்போது, 51 அடி உயரத்தில் மூன்று வளைவுகளோடு நிற்கும் டோல்கோஹ் பாலம் வரும். மேலே உட்கார்ந்திருக்கையில் பாலம் தெரியாது, கீழே ஓடையைத்தான் பார்ப்பீர்கள். பாலத்தைக் கடந்ததும் டோல்கோஹ் நிலையம். மேலேறும் இன்ஜின் இங்கே தண்ணீர் பிடிக்கும். அந்தச் சில நிமிடங்களும் பார்க்க வேண்டியவையே. அதற்கப்பால் அபர்கனோல்வின், பிறகு கிராமத்துக்கு மேலே செங்குத்தான சரிவை ஒட்டிக்கொண்டு நான்ட் குவெர்னோல். இந்தக் கடைசித் துண்டு முன்பு சரக்குக்கு மட்டும் இருந்தது; தன்னார்வலர்கள் பயணிகளுக்காகச் சீரமைத்து 1976 மே மாதம் திறந்தார்கள்.

நான்ட் குவெர்னோலில் ரயில் நிற்பது சில நிமிடங்கள்தான். இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவதைப் பாருங்கள். பிளாட்ஃபாரத்துக்கு அப்பால் மேலேறும் சரிவில்தான் சிலேட்டு வண்டிகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். நடக்க விரும்புகிறவர்கள் ஓடையின் நடைபாலம் தாண்டி அடையாளமிட்ட பாதையில் அபர்கனோல்வினுக்கு இறங்கலாம். பழைய சுரங்கப் பக்கம் போனால் பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது. குழிகளும் சரிவுகளும் இன்னும் அங்கே இருக்கின்றன.

டோல்கோஹில் கட்டாயம் இறங்குங்கள்

நேரே போய் நேரே திரும்பினால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலர் அதோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் நடுவில் இருப்பதுதான் நல்ல பகுதி. என் யோசனை இது. காலை ரயிலில் கடைசிவரை போங்கள். திரும்பும்போது அபர்கனோல்வினில் ரயில் அரை மணி நேரம்போல நிற்கும், அங்கே தேநீர். பிறகு டோல்கோஹில் இறங்கிவிட்டு, அடுத்த ரயிலில் டவின் திரும்புங்கள். உங்கள் டிக்கெட்டில் இப்படி இறங்கி ஏறலாமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது, அன்றைய கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கார்டிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து சற்றே இறங்கினால் பாலத்தின் அடிக்குப் போய்விடலாம். ரயிலில் பார்க்க முடியாத மூன்று வளைவுகளும் இங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். பத்து நிமிட நடையில் கீழ் அருவி. இன்னும் ஏறினால் மேல் அருவிகள். ஓக் மரக்காடு, பாசி படிந்த கற்கள், சிலேட்டுப் படிகள். மழைக்குப் பிறகு அருவி பெருகும், படிகளும் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி இல்லாமல் மேல் அருவிக்கு ஏறாதீர்கள். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் கீழ் அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை.

உடை, சாப்பாடு

வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸில் குடையைவிடத் தலைமூடியுள்ள கோட்டே உதவும். காற்றில் குடை நிற்காது. பெட்டிகளில் குளிரும், ஆகவே ஒரு ஸ்வெட்டர். வெள்ளைத் துணி வேண்டாம், கரி படியும்.

டவினிலும் அபர்கனோல்வினிலும் சிற்றுண்டிக் கடை உண்டு. உலர் திராட்சை போட்டுத் தோசைக்கல் போன்ற தட்டில் சுடும் வெல்ஷ் கேக்கும், தேநீரில் ஊறிய பழங்களோடு செய்யும் பாரா ப்ரித் என்ற ரொட்டியும் இந்த மண்ணின் பண்டங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள், வெல்ஷ் கேக்கில் சேர்த்தது வெண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று கேட்டு வாங்குங்கள். பழைய செய்முறையில் கொழுப்பும் உண்டு. குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் அருவிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது. பழைய பெட்டிகளின் கதவுகள் குறுகலானவை. இடம் ஒதுக்கிவைக்க அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

அங்கே வேலை செய்கிறவர்கள்

உங்கள் டிக்கெட்டைப் பார்ப்பவரும், கொடி காட்டுபவரும், கரி அள்ளுபவரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். ஒருவர் ஆசிரியராக இருக்கலாம், இன்னொருவர் ஓய்வுபெற்ற பொறியாளராக இருக்கலாம். விடுமுறை எடுத்துக்கொண்டு, தூரத்து ஊர்களிலிருந்து தங்கள் செலவில் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். ஃபயர்மேன் விடியும் முன்பே வந்து அடுப்பு மூட்டினால்தான் காலை ரயிலுக்கு நீராவி ஏறும். சம்பளம் வாங்கும் சிறு குழுவும் உண்டு, ஆனால் 1951இலிருந்து இந்த ரயில் ஓடுவது தன்னார்வலர்களின் உழைப்பால். அவர்களோடு பேசுங்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கேள்வி கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

பிரிட்டனில் வரி கட்டுகிறவர்களிடம் டிக்கெட் எடுக்கும்போது, கொஞ்சம் கூடுதலாக நன்கொடை சேர்த்துத் தருகிறீர்களா என்று கேட்கக்கூடும். முடிந்தவர்கள் கொடுங்கள். கொதிகலன் ஒன்றைப் பழுது பார்ப்பது பெருஞ்செலவு, தென்வேல்ஸில் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023இல் மூடியபின் ஏற்ற நிலக்கரி கிடைப்பதும் சிரமமாகிவிட்டது. பிரிட்டனில் வாழ்கிறவர்கள் ரயிலின் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினராகலாம். வேலை செய்யவும் பேர் கொடுக்கலாம். இன்ஜின் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. புல் வெட்டுவது, பெயின்ட் அடிப்பது, தேநீர்க் கடையில் நிற்பது என்று எல்லாருக்கும் வேலை இருக்கிறது.

திரும்பும்போது

கேம்பிரியன் கடற்கரை ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். டாலிலின் ரயில் வந்து சேரும் நேரத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது அரை மணி நேரமாவது விடுங்கள். நேரம் மிஞ்சினால் டவின் கடற்கரைக்கு நடந்துவிட்டு வரலாம். தெற்கே மஹன்லெத் நோக்கிப் போகும் ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள். முதலில் கடல், அபர்டவி தாண்டியதும் டவி ஆற்றின் கழிமுகம். மறுநாளும் அந்தப் பக்கம் இருப்பவர்கள், மஹன்லெத்துக்கு அருகே காரிஸ் ரயில் ஓடும் நாளா என்று பாருங்கள். சர் ஹேடன், எட்வர்ட் தாமஸ் இன்ஜின்களுக்குப் பிறந்தகம் என்று சொல்லத்தக்க அந்தப் பாதையிலும் 2002 முதல் மறுபடி பயணிகளை ஏற்றுகிறார்கள்.